தோஷம் பிறக்கும் இடம்

(கணிப்பொறியில் சிற்பமும் வர்ணமும் பயிலும் மாணவர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



கணிப்பொறித் திரையில் உருவம் வடிப்பதையும் அதற்கு வர்ணம் தீட்டுவதையும் பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக அக்கலையின் அற்புதங்களையே எடுத்துக்கொள்வார்கள்; சினிமாவில் சிறகடித்து வந்த ராட்சதப் பட்சியையும், விளையாட்டிலே வாளோங்கி நிற்கும் வீரனையும் காட்டி, ஒரு மேஜையும் மின்பேனாவும் இருந்தால் இவ்வளவும் உங்களாலும் ஆகும் என்று உற்சாகமூட்டிவிட்டுப் போவார்கள். நான் எடுத்துக்கொண்டது அவ்வளவு கவர்ச்சியான விஷயம் அன்று. பிரஷ்ஷை வைத்தால் மேடு எழாமல் பள்ளம் விழுகிறது; தீட்டிய வர்ணத்தின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறது; இரவெல்லாம் கண்விழித்துத் தீட்டிய ஓவியம் மறுநாள் கோப்பைத் திறந்தால் காணோம். இம்மாதிரித் தொல்லைகள் ஏன் வருகின்றன, வந்தால் எப்படி ஆராய்வது என்பதே இன்றைய பேச்சு. இக்கலையைப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் கற்பனை வற்றியதால் விட்டவர்கள் அல்லர், இப்படிப்பட்ட ஓர் அற்பத் தொல்லையின் காரணம் விளங்காமல் மனம் சலித்து விட்டவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

மெழுகில் உருப் பிடிக்கும் ஸ்தபதி தம் வேலையில் தவறினால், தவறு விரல் பட்ட இடத்திலேயே நிற்கும். அங்கேயே அதைத் திருத்தலாம். கணிப்பொறிச் சிற்பத்தின் இயல்பு அதுவன்று. இங்கே தோஷம் தோன்றுகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. வர்ணம் தீட்டும்போது கண்ணில் படுகிற குறை, பெரும்பாலும் அதற்கு இரண்டு படி முன்னால், உருவத்தை வடிக்கும்போதோ அதன் தோலை விரித்து வைக்கும்போதோ உண்டானதாக இருக்கும். இதை அறியாத மாணவர் தோன்றிய இடத்தையே துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார், கறை போவதில்லை. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். இனிச் சொல்லப்போவதெல்லாம் அதற்கு வியாக்கியானம்.

ஏன் இப்படி ஆகிறது? மென்பொருளின் முகப்பிலே களிமண் என்றும், தூரிகை என்றும், வர்ணத்தட்டு என்றும் பலவிதமான பாவனைகள் நம்மை வரவேற்கின்றன. அப்பாவனைகள் அழகியவை, முதல் நாள் பயம் தெளிய அவை உதவுகின்றன. ஆனால் உள்ளே களிமண் இல்லை. இருப்பது புள்ளிகளின் நீண்ட ஜாபிதா. ஒவ்வொரு புள்ளிக்கும் அது இருக்கும் இடத்தைச் சொல்லும் மூன்று எண்கள். அப்புள்ளிகளை இணைத்துப் பின்னிய நாற்கோணச் சில்லுகளும் முக்கோணச் சில்லுகளும். இந்தப் பின்னலுக்குத்தான் மெஷ் என்று பெயர். அது கனமுள்ள பொருளன்று, உள்ளே வெற்றிடமான வெறும் தோல். அத்தோலைத் தட்டையாக விரித்துப் பதிவு செய்த வரைபடம் யூவி. அவ்விரிப்பின்மேல் கிடக்கும் படங்கள் டெக்ஸ்சர். இப்படி மூன்று அடுக்குகள் தனித்தனியே இருந்துகொண்டு, ஒன்றாயிருப்பதுபோல் திரையில் நடிக்கின்றன.

இவ்வடுக்குகள் ஒரே காலத்தில் ஒருவர் கையால் உண்டானவையும் அல்ல. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எட்வின் காட்மல், ஒரு படத்தை எடுத்து வளைந்த பரப்பின்மேல் போர்த்தும் முறையைத் தம் 1974-ஆம் ஆண்டு ஆய்வேட்டில் காட்டினார். முரட்டு மெஷ்ஷைப் பகுத்துப் பகுத்து வழவழப்பாக்கும் முறையை அவரும் ஜிம் கிளார்க்கும் சேர்ந்து 1978-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ஜிம் பிளின் என்பவர், பரப்பை அணுவளவும் அசைக்காமல், அது எத்திசையை நோக்கி நிற்கிறது என்ற கணக்கை மாத்திரம் சிறிது பிசகச் செய்து, சுருக்கமும் மேடுபள்ளமும் இருப்பதாகக் கண்ணை நம்பவைக்கலாம் என்று நிரூபித்தார். திரையில் நிற்கும் உருவத்தின்மேல் நேரடியாகவே தீட்டும் முறையைப் பாட் ஹான்ராஹனும் பால் ஹேபர்லியும் எழுதி வெளியிட்டது 1990-ல். ஆக, வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு தேவைகளுக்காக உண்டான உபாயங்களை ஒட்டவைத்த கட்டடத்தில் நாம் குடியிருக்கிறோம். மழை பெய்தால் ஒழுகுவது ஒட்டுகளின் வழியாகத்தான்.

இந்த வீட்டின் வினோதமான அறை ஸீபிரஷ். ஓஃபர் அலோன் முதலியோரின் முயற்சியால் 1999-ல் வெளியுலகுக்கு வந்த இம்மென்பொருள், பிறக்கும்போது சிற்ப சாதனமாகப் பிறக்கவில்லை, ஒரு விசேஷமான ஓவியப் பலகையாகப் பிறந்தது. சாதாரணப் படத்தில் ஒரு புள்ளிக்கு நிறம் மட்டும் உண்டு. இப்பலகையில் புள்ளிதோறும் நிறத்துடன் ஆழமும் பதிவாகிறது. அந்தப் பூர்வாசிரம வாசனை இன்றும் போகவில்லை. புதிதாக வந்தவர் ஒரு கோளத்தைப் பலகையில் இழுத்துவிடுகிறார். அடுத்து அதைப் பிசைய எண்ணிப் பேனாவை வைக்கிறார். பிசைவதற்குப் பதில் இன்னொரு கோளம் முளைக்கிறது. மூன்றாவது முறை மூன்றாவது கோளம். எடிட் என்ற பொத்தானை அழுத்தும்வரை அவர் பலகையில் படம் போட்டுக்கொண்டிருக்கிறாரே ஒழியச் சிற்பம் தொடங்கவில்லை. பலகையைத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு கோளத்தை இழுத்து, உடனே எடிட்டை அழுத்தி, பிறகு அதைப் பாலிமெஷ் ஆக்கினால் களிமண் கைக்கு வந்துவிடும். சேமிக்கும்போதும் இதே விபரீதம். டாகுமென்ட் என்று சேமித்தால் பலகையில் தெரிந்த படம்தான் மிஞ்சும், சிற்பம் போய்விடும். சிற்பத்தைக் காப்பாற்ற டூல் என்றாவது, எல்லாவற்றையும் சேர்த்து ப்ராஜெக்ட் என்றாவது சேமிக்க வேண்டும். இதன் சரித்திரம் தெரிந்தவருக்கு இவ்விதி இயல்பாகத் தோன்றும். தெரியாதவருக்குக் கொடுமையாகத் தோன்றும்.

மற்ற மென்பொருள்களுக்கும் இப்படியே ஜாதகம் உண்டு. நியூஸிலாந்தில் வீட்டா டிஜிட்டல் நிலையத்துக் கலைஞர்கள் 2005-ஆம் ஆண்டு வெளிவந்த கிங் காங் படத்துக்கு வேண்டி உருவாக்கிக்கொண்டது மட்பாக்ஸ். அதே நிலையம் அவதார் படத்துக்காக ஆக்கியது மாரி. பிரான்சில் பிறந்த சப்ஸ்டன்ஸ் பெயின்டர் 2014-ல் வந்து, 2019-ல் அடோபியின் கைக்குப் போயிற்று. பிளெண்டரின் கதை தனி: நெதர்லாந்தில் டான் ரோசண்டால் நடத்திய கம்பெனி நொடித்தபோது, 2002-ல் பொதுமக்களிடம் ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி அதை விடுவித்தார்கள், அன்றுமுதல் அதற்கு விலை கிடையாது. பணம் கொடுக்க வேண்டாத காரணத்தாலும், இங்கே பலரிடம் அதுவே இருக்கிற காரணத்தாலும், இனிச் சொல்லும் உதாரணங்களைப் பிளெண்டரை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

பயில வருகிற மாணவர் எடுத்தவுடன் பத்துத் தலை ராவணனைத் தொடங்குகிறார். ஆறு மாதம் தலைகளிலேயே போய்விடுகிறது. யூவி, பின்னால் விளக்கப்போகும் பேக்கிங், வர்ணம் முதலிய பின்கட்டங்களை அவர் கண்ணாலும் பார்ப்பதில்லை. பார்க்கும் நாளில் எல்லாத் தோஷங்களும் ஒன்றாகக் கூடிவந்து நிற்கும், எது எங்கே பிறந்தது என்று பிரிக்க முடியாது. ஆகையால் முதல் அப்பியாசத்துக்கு ஒரு சிறிய பொருளை எடுத்து, அதை முதற்கட்டத்திலிருந்து கடைசிக்கட்டம் வரை ஒருமுறை கொண்டு சேர்த்துவிட வேண்டும் என்பேன். என் சிபாரிசு அம்மியும் குழவியும். நகைக்க வேண்டாம். முன்பு தெருவில் கூவிக்கொண்டு வந்து அம்மி கொத்துகிறவர் உளியால் இட்ட சின்னஞ்சிறு பள்ளங்கள் அதன் முகமெங்கும் இருக்கின்றன; குழவி உருண்ட நடுப்பாகத்தில் அவை தேய்ந்து மழுங்கி, ஓரங்களில் கூர்மையாக நிற்கின்றன. வடிவம் எளியது, தோல் செழுமையானது. படிப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தோன்றவில்லை.

மாணவர் பிளெண்டரைத் திறக்கிறார்; கனசதுரம் ஒன்று காத்திருக்கிறது. அதை நீளவாக்கில் இழுத்து அம்மிப் பலகையாக்குகிறார். பிரஷ்ஷை வைத்தால், வட்டமாக விழ வேண்டிய தடம் நீள்வட்டமாக விழுகிறது. பிரஷ்ஷின் அமைப்புகளையெல்லாம் புரட்டிப் பார்க்கிறார். அங்கே ஒரு குற்றமும் இல்லை. அவர் இழுத்தது பொருளின் வெளிக்கணக்கை. உள்ளே புள்ளிகள் இன்னமும் கனசதுரத்துக் கணக்கிலேயே இருக்கின்றன. அந்த இழுப்பை அப்ளை செய்து, வெளிக்கணக்கு 1 என்று நின்ற பிறகு தடம் வட்டமாகிவிடும். பிரஷ்ஷில் தோன்றிய தோஷம் பிறந்தது அவர் கனசதுரத்தை இழுத்த கணத்தில். இதே குடும்பத்தைச் சேர்ந்தவை இன்னும் இரண்டு. சமச்சீர் அமைப்பை இயக்கியும் இடப்பக்கத்துத் தடம் வலப்பக்கத்தில் தவறான இடத்தில் விழுந்தால், பொருளின் மூலப்புள்ளி நடுவை விட்டு நகர்ந்திருக்கிறது. மேடு எழுப்பினால் பள்ளம் விழுந்தால், சில்லுகள் உள்முகமாகத் திரும்பியிருக்கின்றன. முகத்திசையைக் காட்டும் அமைப்பை இயக்கினால் திரும்பியவை சிவப்பாய்த் தெரியும்.

உளிப் பள்ளங்கள் இட நுண்ணிய சில்லுகள் வேண்டுமென்று மாணவர் மெஷ்ஷைப் பகுக்கிறார். இரண்டு விஷயங்கள் அவரைத் திகைக்க வைக்கும். ஒன்று, அம்மியின் மூலைகள் கரைந்து அது சோப்புக் கட்டியாகிவிடுகிறது. காட்மல்-கிளார்க் முறையின் சுபாவமே வழவழப்பாக்குவது, அதற்குக் கல்லென்றும் கன்னமென்றும் தெரியாது. மூலை நிற்க வேண்டுமானால் வழவழப்பாக்காமல் பகுக்கும் சிம்பிள் முறையைக் கேட்க வேண்டும். மற்றொன்று பெருக்கல். கனசதுரத்தின் 6 முகங்களும் ஒவ்வொரு பகுப்பிலும் நான்கு மடங்காகின்றன: ஐந்தாம் பகுப்பில் 6,144, எட்டாம் பகுப்பில் 3,93,216, பத்தாம் பகுப்பில் 62,91,456. எட்டுவரை துள்ளி ஓடிய கணிப்பொறி பத்தில் நடைபோட முடியாமல் நின்றால், புது நோய் ஒன்றும் அதற்கு வரவில்லை. இந்தக் கணக்கே காரணம். பெரிய வடிவத்தைக் கீழ்ப்படியிலும், தேய்மானத்தை நடுப்படியிலும், உளிப்புள்ளியைக் கடைசிப் படியிலும் செய்கிறவருக்கு இத்தொல்லை மிகவும் குறையும்.

இனி யூவி. தையற்காரர் துணியை வெட்டுவதுபோல இங்கே தோலை வெட்டி விரிக்க வேண்டும். நல்ல தையற்காரர் மூட்டை அக்குளில் ஒளித்து வைப்பார், நெஞ்சின் நடுவில் ஓட்டமாட்டார். அம்மிக்கு மூட்டு அடிப்பக்க விளிம்பில் போகட்டும். வர்ணத்தின் நடுவே கறுப்புக் கோடு என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது பிறப்பது இங்கே. விரிப்பில் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே உள்ள காலியிடம் கறுப்பு. தூரத்தில் நின்று பார்க்கும்போது கணிப்பொறி படத்தைச் சுருக்குகிறது. சுருக்கும்போது அண்டைப் புள்ளிகளைக் கலக்கிறது. காலியிடத்துக் கறுப்பு துண்டின் ஓரத்தில் கசிகிறது. பிரஷ்ஷால் கோட்டின்மேல் எவ்வளவு தீட்டினாலும் போகாது. துண்டின் ஓரத்து நிறம் வெளியேயும் சில புள்ளிகள் வழியும்படி விட்டு, துண்டுகளுக்கிடையே போதிய இடைவெளி வைத்தால் போய்விடும். இங்கேயே இன்னொரு எச்சரிக்கை: யூவி விரித்து வர்ணமும் தீட்டியபின் உருவம் பிடிக்கவில்லை என்று வாக்ஸல் ரீமெஷ் செய்தால், பின்னல் முழுவதும் புதிதாகி விரிப்பு மறைந்துபோகும், வர்ணப்படம் கோப்பில் இருக்கும், ஆனால் அதை எங்கே ஒட்டுவதென்று யாருக்கும் தெரியாது.

அறுபது லட்சம் சில்லுகளை விளையாட்டிலே யாரும் ஏற்க மாட்டார்கள். ஆகவே சில நூறு சில்லுகளில் எளிய அம்மி ஒன்றைச் செய்து, கனத்த அம்மியின் நுட்பங்களை அதன்மேல் படமாகப் பதிக்கிறோம். இதைப் பேக்கிங் என்கிறார்கள். எளிய பரப்பிலிருந்து கதிர்கள் புறப்பட்டு, கனத்த பரப்பு எங்கே எதிர்ப்படுகிறதென்று தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்கின்றன. கதிரின் தூரம் குறைந்தால் ஓட்டை விழும். கூடினால் பக்கத்துப் பொருளைத் தொட்டுவிடும். குழவியை அம்மியின்மேல் வைத்தபடியே பதித்துப் பாருங்கள்: குழவியின் அடிநிழல் அம்மியின் படத்தோடு ஒன்றிவிடும், பிறகு குழவியை எடுத்து ஓரமாக வைத்தாலும், அது கிடந்த இடத்தில் கரிய பட்டை நிற்கும். தீட்டுகிறவர் அதை அழுக்கென்று எண்ணி வெளுக்கப் பார்ப்பார். இரண்டையும் தூரத் தள்ளிவைத்துத் தனித்தனியே பதிப்பதுதான் நிவாரணம்.

மேடுபள்ளத்தைச் சொல்லும் நார்மல் மேப் என்ற படத்தைச் சிறிது உற்றுப் பார்க்கலாம். ஊதாச் சாயலுள்ள நீலமாக அது இருக்கும். காரணம், எந்தப் பக்கமும் சாயாத பரப்பு சிவப்பு 128, பச்சை 128, நீலம் 255 என்று எழுதப்படுகிறது. சிவப்பு இடவலச் சாய்வையும், பச்சை மேல்கீழ்ச் சாய்வையும் சொல்லும். பச்சை கூடினால் மேல்நோக்கிய சாய்வு என்பது ஓப்பன்ஜிஎல் சம்பிரதாயம்; கீழ்நோக்கிய சாய்வு என்பது டைரக்ட்எக்ஸ் சம்பிரதாயம். பிளெண்டர் முன்னதைச் சேர்ந்தது. விளையாட்டுகளை ஆக்க உதவும் அன்ரியல் பின்னதைச் சேர்ந்தது. வடகலை தென்கலை வாதத்தைப் போல இதிலும் சமரசம் கிடையாது. ஒன்றில் செய்த அம்மியை மற்றொன்றுக்குக் கொண்டுபோனால், உளிப் பள்ளங்கள் கொப்புளங்களாக எழுந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க நேர்த்தியான பரிசோதனை ஒன்று உண்டு. யூவியில் நேராக நிற்கும் துண்டின்மேல் விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். பள்ளம் பள்ளமாகவே தெரியும். மேலே கொண்டுபோங்கள், பள்ளம் கொப்புளமாகும். பக்க ஒளியில் மெய்யும் மேலொளியில் பொய்யும் சொல்லும் படத்தில், பச்சை மட்டும் தலைகீழாயிருக்கிறது. அதைத் திருப்பிவிட்டால் தீர்ந்தது.

அதே படத்துக்கு இன்னொரு நோயும் வரும். வர்ணப்படங்களில் உள்ள எண்களைக் கணிப்பொறி கண்ணின் இயல்புக்கேற்ப வளைத்துப் படிக்கும். நார்மல் மேப்பையும் வர்ணமென்று நம்பி அப்படியே படித்தால், 0.5 என்று நிற்க வேண்டிய எண் சுமார் 0.21 ஆகி, சமதளம் முழுவதும் ஒருபக்கம் சாய்ந்துபோகும். சொரசொரப்பைச் சொல்லும் படத்துக்கு இது நேர்ந்தால் காய்ந்த கல் ஈரக்கல்லாக மின்னும். நிறமல்லாத எந்தப் படத்துக்கும் நான்-கலர் என்று குறித்துவிட வேண்டும்.

காணாமற்போன ஓவியத்தின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளெண்டரில் கோப்பைச் சேமித்தால் உருவம் சேமிக்கப்படும். தீட்டிய படம் தனிக் கோப்பு, அதைத் தனியே சேமிக்க வேண்டும். மூடும்போது மென்பொருளே இப்போது எச்சரிக்கிறது. அவசரத்தில் அதைப் படிக்காமல் தள்ளுகிறோம். இடையிடையே திரை உறைந்து மென்பொருள் மறைவதற்குக் காரணம் பலவிதம்: 4096 புள்ளி சதுரமுள்ள படம் ஒன்றே 64 மெகாபைட் இடம் கேட்கும், 8192 ஆனால் 256, அடுக்குகள் சேரச் சேர வரைகலை அட்டையின் நினைவகம் நிரம்பும். விண்டோஸோ, அந்த அட்டை 2 விநாடிக்குமேல் பதில் பேசாவிட்டால் அது செத்ததென்று முடிவு கட்டி எழுப்பிவிடும்; கனத்த பேக்கிங் நடுவே மென்பொருள் விழுவது பலசமயம் இதனால்தான். பேனாவின் அழுத்தம் ஏறாவிட்டால், பிரஷ்ஷை நோண்டுவதற்குமுன் பேனாவின் டிரைவரையும் விண்டோஸ் இங்க் அமைப்பையும் பாருங்கள்.

இனி ஆராயும் முறை. வைத்தியர் கேட்கும் முதற்கேள்வி, எப்போதிருந்து என்பது. கடைசியாகச் சரியாயிருந்த கோப்பு எது? அதற்காகவே கோப்புகளை எண்ணிட்டு வரிசையாகச் சேமிக்க வேண்டும். ஒரே பெயரில் மேலும் மேலும் எழுதுகிறவரிடம் இதற்கு விடை இராது. அடுத்து, எல்லாப் படங்களையும் கழற்றிவிட்டு வெறும் சாம்பல் நிறத்தில் உருவத்தைப் பாருங்கள். குறை நீடித்தால் அது மெஷ்ஷில் பிறந்தது. மறைந்தால், சதுரங்கக் கட்டம் போட்ட படமொன்றை மாட்டுங்கள். கட்டங்கள் இழுபட்டால் யூவியில் பிறந்தது. அதுவும் சரியென்றால் படங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். அடுக்குகள் நிறைய இருந்தால் பாதியை அணைத்துப் பாருங்கள். குறை எந்தப் பாதியில் இருக்கிறதோ அதில் மறுபடி பாதி. நூறு அடுக்கானாலும் ஏழு முறைக்குள் குற்றவாளி அகப்படுவான். மென்பொருளின்மேலேயே சந்தேகமென்றால், ஆரம்ப அமைப்புகளுக்குத் திருப்பி, புதுக்கோளம் ஒன்றில் அதே தடத்தை இட்டுப் பாருங்கள். நல்ல கணிப்பொறி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். மேற்சொன்னவற்றில் எத்தனை குறைகள் பணத்தால் தீரக்கூடியவை என்று எண்ணிப் பாருங்கள். பிறரிடம் கேட்க நேர்ந்தால், வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பதிப்பு, எந்த அட்டை, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று சொல்லி, குறையைக் காட்டும் மிகச் சிறிய கோப்பைக் கொடுங்கள். அச்சிறிய கோப்பைத் தயாரிக்கும்போதே பாதிப்பேருக்கு விடை கிடைத்துவிடும்.

பக்கத்துக் கூடத்தில் கணிப்பொறிகள் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே அம்மிக் கோப்பு இருக்கிறது. இன்று சொன்ன தோஷங்களில் நான்கை அதில் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன்; சொல்லாத ஒன்றும் உண்டு. தேநீருக்குப் பிறகு அங்கே சந்திப்போம். எதைக் கண்டீர்கள் என்பதோடு, அது எந்தக் கட்டத்தில் பிறந்ததென்றும் எழுதிக் கொடுங்கள்.